வெள்ளிக்கிழமைக் கஞ்சி

நஜ்முன்னிசாவுக்கு ரகசியம் பேசத் தெரியாது. காதோடு காதாக ஒன்று சொல்ல வந்தாலும் தெருமுனைப் பால் பூத் வரைக்கும் கேட்கும். துபாயில் இருக்கும் மகள் நுஸைபா ஒருமுறை, "அம்மா, நீ போன் பண்ணவே வேணாம். வாசல்ல நின்னு பேசு, எனக்கு இங்க கேக்கும்" என்றாள். அதற்கு நஜ்மாக்கா சிரித்த சிரிப்பில் மாடியில் எனக்குப் பகல் தூக்கம் போனது.

நான் கௌசல்யா. அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனேன். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த பாடம். அதை நான் எந்த லட்சணத்தில் படித்தேன் என்பதைச் சொல்லப் போவதில்லை. ஆனால் கீழ் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவில் நடந்ததை என்னைவிட ஒழுங்காகச் சொல்ல இந்தத் தெருவில் ஆள் கிடையாது.

"அந்தக் காலத்துல..." என்று ஆரம்பிப்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அந்தக் காலத்துத் திண்டுக்கல்லில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, அதுதான் அதன் பெருமை. இருந்தாலும் இப்போதெல்லாம் சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து மலைக்கோட்டையைப் பார்த்தபடி நானும் பழசைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாரைக் கேலி செய்தோமோ அவர்களாகவே ஆகிவிடுகிறோம்.

எங்கள் தெரு பேகம்பூரிலிருந்து மேட்டுப்பட்டிப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது. இந்தச் சாரியில் முஸ்லிம் வீடுகள், அந்தச் சாரியில் வேதக்கார வீடுகள், அதாவது கிறிஸ்தவர்கள். நடுவில் ஒரு சாக்கடை, இரண்டு பக்கத்துக் கொசுவுக்கும் பொது. நஜ்மாக்காவுக்கு நேர் எதிரே ஆனந்தமேரி டீச்சர் வீடு. டீச்சர் ஒல்லி, கண்டிப்பு, வார்த்தையை அளந்து பேசுகிற ஜென்மம். நஜ்மாக்கா எல்லாவற்றிலும் அதற்கு நேர்மாறு.

இருவரும் சிநேகமானது சண்டையில்தான். வத்தலக்குண்டிலிருந்து வாழவந்த நஜ்மாக்காவுக்கு லாரித் தண்ணீருக்கு வரிசை என்றால் என்னவென்று தெரியாது. வந்த புதிதில் டீச்சரின் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்திருக்கிறார். டீச்சரின் பித்தளைக் குடம் உருண்டு நசுங்கியது. அப்போது ரமலான் மாதம். நஜ்மாக்காவின் கணவர் அப்துல் ஹாதி தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த மனுஷர், ஈ எறும்புக்குக்கூடக் குரல் உயர்த்தாதவர். "அக்கம்பக்கத்துல பகை ஆகாது புள்ள, கஞ்சி குடுத்து விடு" என்றிருக்கிறார். நஜ்மாக்காவும் கொத்துக்கறியை வஞ்சனையில்லாமல் போட்டு நோன்புக் கஞ்சி காய்ச்சி, தூக்குவாளி நிறைய அனுப்பிவைத்தார். போன வேகத்தில் வாளி அப்படியே திரும்பி வந்தது. ஒரு கரண்டிகூடக் குறையவில்லை.

ஒரு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. கடைசியில் டீச்சரின் கணவர் சூசை, ரயில்வேக்காரர், டீக்கடையில் அப்துல் ஹாதியிடம் விஷயத்தை உடைத்தார். "தப்பா நினைக்காதீங்க பாய். அன்னைக்கு வெள்ளிக்கிழமை. எங்க வீட்டம்மா வெள்ளிக்கிழமை கறி தொடாது. அவுக அம்மா காலத்துலருந்து பழக்கம்."

அன்றிலிருந்து ரமலான் வெள்ளிக்கிழமைகளில் நஜ்மாக்கா கறி போடும் முன்னால் டீச்சருக்கென்று கொஞ்சம் கஞ்சியைத் தனிச் சட்டியில் எடுத்து வைத்துவிடுவார். சூசை போனார், அப்துல் ஹாதி போனார். பிள்ளைகள் படித்து ஆளுக்கொரு திசையில் போனார்கள். தனிச் சட்டி மட்டும் நிற்கவில்லை.

அந்தத் தூக்குவாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எவர்சில்வர் வாளி. மூடியில் 'பா. ஜக்கம்மாள்' என்று பேர் வெட்டியிருக்கும். அந்த ஜக்கம்மாள் யார் என்று இரண்டு வீட்டிலும் தெரியாது. ஏதோ கல்யாண வீட்டில் மாறி வந்தது. யாருடையது என்று தெரியாததாலோ என்னவோ, அது இரண்டு வீட்டுக்கும் சொந்தமாகித் தெருவை அளந்துகொண்டே இருந்தது. வெறும் வாளியாகத் திருப்பக் கூடாது என்பது சட்டம். ஒன்றுமில்லை என்றால் ஒரு பிடி முருங்கைக்கீரையாவது இருக்கும்.

கொரோனா வந்து முதல் ஊரடங்கு போட்டபோது எங்கள் மூவருக்கும் வீட்டில் துணை என்று ஒருவரும் இல்லை. நஜ்மாக்காவுக்குச் சர்க்கரை, டீச்சருக்குப் பிரஷர், எனக்கு இரண்டும். தெருவில் நாய்கூட நடமாட யோசித்த நாட்கள். அப்போதுதான் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கத் தொடங்கினார். காலையில் தன் வீட்டுக் கேட்டுக்குள் நின்றுகொண்டு கூப்பிடுவார்.

"நஜ்முன்னிசா!"

"உள்ளேன் டீச்சர்!"

"மாத்திரை?"

"போட்டாச்சு டீச்சர்!"

"கௌசல்யா!"

நான் மாடியிலிருந்து கையைத் தூக்குவேன். வாயைத் திறந்து சொல்லாதவரை விட மாட்டார். சாயங்காலம் மூவரும் அவரவர் இடத்திலேயே நடக்க வேண்டும். நான் மொட்டை மாடியில், நஜ்மாக்கா முற்றத்தில், டீச்சர் தன் வீட்டுச் சந்தில். நஜ்மாக்கா பாதியில் உட்கார்ந்துவிட்டால் எதிர்வீட்டிலிருந்து சத்தம் வரும், "யாரு உக்காந்தது?" தூக்குவாளி நாற்காலி மேல் வைக்கப்படும், வைத்தவர் விலகிப் போனதும் மற்றவர் வந்து எடுத்துக்கொள்வார். பிள்ளைகள் போனில் அழுவார்கள், தனியாக இருக்கிறீர்களே என்று. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வரும். என் ஆயுசில் அவ்வளவு துணையோடு நான் இருந்ததே இல்லை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. நோய்க் காலத்துக்கு ஏங்குகிறவள் என்று யாராவது திட்டினால் திட்டிக்கொள்ளட்டும்.

இரண்டாவது வருஷம் அப்படியில்லை. அந்தச் சித்திரையில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பொட்டலமாகத்தான் பார்க்க முடியும் என்று ஊரெல்லாம் பேச்சு. தடுப்பூசிக்கு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நஜ்மாக்காவும் நானும் ஒன்று போட்டிருந்தோம். டீச்சர், "ஈஸ்டர் முடியட்டும்" என்றார். ஈஸ்டர் முடிந்ததும் ஊசி தீர்ந்துவிட்டது என்றார்கள். பள்ளிவாசலிலும் மாதா கோவிலிலும் ஜனங்களுக்கு அனுமதியில்லை. அந்த நிலையில் ரமலான் வந்தது.

வெள்ளிக்கிழமை வந்ததை எங்கள் தெருவில் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் கிடையாது. மத்தியானம் ஆண்கள் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் கூட்டமாகத் தொழுகைக்குப் போவார்கள். தெரு முழுக்க அத்தர் மணக்கும். அதுதான் வெள்ளிக்கிழமை. பள்ளிவாசல் பூட்டிக் கிடந்ததால் அந்த வருஷம் வெள்ளையும் இல்லை, அத்தரும் இல்லை. எல்லாக் கிழமையும் ஒரே கிழமையாக இருந்தது. நஜ்மாக்கா தனிச் சட்டியை மறந்துபோனார்.

அது அவருக்கு உறைத்தது ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டில் போனில் பூசை ஓடுகிற சத்தம் கேட்டது. டீச்சர் எப்போதும் சத்தமாகத்தான் வைப்பார். நஜ்மாக்கா படியேறி, பாதியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏ கௌசல்யா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா. பூசை கேக்குதுல்ல."

"அப்ப முந்தாநாளு வெள்ளிக்கிழமையா?" தலையில் கைவைத்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "கறிக்கஞ்சியப் போயிக் குடுத்து விட்டுட்டேனேடி! அதான் வாளி நேத்துப் பூரா திரும்பலயா? அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

அன்று சாயங்காலம் வாளி திரும்பி வந்தது. நிறையக் கடலைச் சுண்டல். நஜ்மாக்காவுக்குப் பாதி உயிர் வந்தது. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுச் சுண்டலை வாயில் போட்டவர், போட்ட வேகத்தில் துப்பினார். எனக்கும் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். உப்பு அப்படிக் கரித்தது, நாக்கு மரத்துப்போனது.

"கோவம்டி. வாயத் தொறந்து திட்டிருந்தா வாங்கிக்கிருவேன். உப்ப அள்ளிக் கொட்டிக் குடுத்துருக்கா."

டீச்சர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. கோபம் வந்தால் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை சொல்கிறவர். ஆழம் பார்க்கலாம் என்று போன் போட்டேன். வாழ்நாளெல்லாம் ஊராருக்கு லைன் போட்டுக் கொடுத்தவள். எதிரெதிர் வீட்டுக்கு லைன் போடுவது அதுதான் முதல் தடவை. டீச்சர் குரல் சோர்ந்திருந்தது.

"சுண்டல் வந்துச்சா? நஜ்மாகிட்டச் சொல்லு, கஞ்சி நல்லா இருந்துச்சுன்னு. பருப்பு பொடிப்பொடியாக் கரைஞ்சு பதமா இருந்துச்சு. ரெண்டு வேளை வச்சுக் குடிச்சேன்."

அதை அப்படியே நஜ்மாக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் வெளுத்துவிட்டது.

"பருப்பா? கடை பூட்டிக் கெடக்குன்னு அன்னைக்குப் பருப்பே போடலடி நான். அம்புட்டும் கொத்துக்கறி."

டீச்சருக்குக் கண்ணில் புரை, சரி. மூக்கில் என்ன? மூன்று வீடு தள்ளி மீன் பொரித்தாலும் என்ன மீன் என்று சொல்கிற மூக்கு அது. தெருவில் தோல் வாடை அடித்தால் முதலில் ஜன்னலைச் சாத்துவதும் அவர்தான். கறி மணமும் தெரியவில்லை, உப்பும் தெரியவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு வருஷமாக டிவியில் சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம்.

நஜ்மாக்கா முந்தானையை முக்காடாக இழுத்து, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். டீச்சர் ஜன்னலுக்கு வந்தார். ஒரு நாளிலேயே முகம் ஒடுங்கியிருந்தது.

"டீச்சரு, ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வெக்கை. செத்த நேரம் படுத்தா சரியாப் போகும்."

"சுண்டல்ல உப்பு எப்படி?"

"எப்பயும் போலத்தான் போட்டேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுவோமா?"

"நஜ்மா, எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல. மரியராஜுக்கும் சொல்லிட்டேன். வீட்டுக்குப் போ."

மரியராஜ் அவருடைய மகன், கோயம்புத்தூரில் இருக்கிறான். டீச்சர் ஜன்னல் கதவில் கை வைத்தார். சாத்திவிட்டால் பிறகு திறக்க மாட்டார் என்று எனக்கே தெரிந்தது. நஜ்மாக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு மறக்காது. இந்த ஒன்றைச் சொன்னால் சிநேகம் போய்விடும், சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவாள் என்று அதில் எழுதி ஒட்டியிருந்தது. திரும்பினார். அதுவரை டீச்சர் என்றே கூப்பிட்டு வந்தவர் அன்றுதான் முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"மேரி! நீ வெள்ளிக்கிழமை குடிச்சது பருப்புக் கஞ்சி இல்ல. கறிக்கஞ்சி! கெழமை மறந்து குடுத்து விட்டுட்டேன். என் தப்புதான். ஆனா அதக்கூட ஒன்னால கண்டுபிடிக்க ஏலலையே மேரி! ரெண்டு வேளை குடிச்சிருக்கியே! ஒனக்கு மூக்கு போயிருச்சு. இது அந்த நோய்தான்!"

ரகசியம் பேசத் தெரியாத தொண்டை. தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்தன. டீச்சர் எங்களைப் பார்த்தபடி நின்றுவிட்டு, ஜன்னலைச் சாத்தினார். கொண்டி விழுகிற சத்தம் கேட்டது.

நஜ்மாக்கா நடுத்தெருவில் நின்று அழுதார். "போச்சுடி. இம்புட்டு வருச உறவு போச்சு." எனக்கும் அழுகை வந்தது. ஆனால் ஆபரேட்டர் அழுதுகொண்டே நின்றால் லைன் யார் போடுவது? 108-க்குப் போட்டேன், மரியராஜுக்குப் போட்டேன்.

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பியபோது டீச்சர் வீட்டு வாசல் கதவு தானாகத் திறந்தது. மாஸ்க், பருத்திச் சேலை, கையில் ஜெபமாலை. தோளில் ஒரு பை. மாற்றுச் சேலை, சோப்பு, மாத்திரை எல்லாம் முந்தின நாளே எடுத்து அடுக்கி வைத்திருந்தாராம். மனுஷிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. போனால் திரும்ப மாட்டோம் என்ற பயத்தில் பையைக் கட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறார்.

வண்டியில் ஏறும் முன் நஜ்மாக்காவைப் பார்த்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "வெள்ளிக்கிழமை கறியத் தின்னுட்டுச் சாக முடியாது, நஜ்மா. பொழைச்சு வந்து சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

ஆக்சிஜன் ரொம்பக் குறைந்திருந்தது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிரமம் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

டீச்சர் இல்லாத நாட்களில் நஜ்மாக்கா காலையில் பூட்டிக் கிடந்த எதிர்வீட்டைப் பார்த்து நின்று, "உள்ளேன் டீச்சர். மாத்திரை போட்டாச்சு" என்பார். எனக்கு மாடியில் நிற்க முடியாது, உள்ளே போய்விடுவேன். கழுவிய வாளியில் ஒரு பிடி அரிசியைப் போட்டு மூடி வைத்திருந்தார். வெறும் வாளியாக இருக்கக் கூடாதாம். பெருநாள் வந்தது. பிரியாணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் இருவரும் ரசம் வைத்துச் சாப்பிட்டோம்.

பெருநாள் கழிந்துதான் டீச்சர் வீடு திரும்பினார், பாதி ஆளாக. மகன் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டான். "அங்க வந்து யாருக்கு அட்டெண்டன்ஸ் எடுக்க?" என்று மறுத்துவிட்டார். மாதா கோவில் சாமியாரிடம் போனில் விஷயத்தைச் சொன்னாராம். தெரியாமல் செய்தது பாவமில்லை என்று அவர் சிரித்தாராம். அதில் டீச்சருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மூக்கு மட்டும் திரும்பவில்லை. எது சாப்பிட்டாலும் மண் மாதிரி இருக்கிறது என்பார். தினமும் வாசனை பிடித்துப் பழக்குங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நஜ்மாக்கா விடுவாரா? காலையில் அட்டெண்டன்ஸ் முடிந்ததும் இவர் முறை. சீரகம், பூண்டு, சிறுமலை வாழைப்பழம், மல்லிகை, அப்துல் ஹாதி வைத்துவிட்டுப் போன அத்தர் சீசா என்று தட்டில் ஏந்திப் போவார். "மோந்து பாரு டீச்சரு. எங்க அவுக ஜும்மாவுக்குப் போறப்ப இதான் போடுவாக." டீச்சர் கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். இல்லை. மழைக்காலம் வரைக்கும் இல்லை.

ஒருநாள் மழை விட்ட சாயங்காலம் காற்று மாறி அடித்தது. தோல் ஷாப்புப் பக்கத்து வாடை தெருவுக்குள் குப்பென்று வந்தது. எதிர்வீட்டிலிருந்து ஒரு கூச்சல்.

"நஜ்மா! நாறுது! நஜ்மா, நாறுதுடி!"

எந்த வாடையை ஆயுசெல்லாம் திட்டினாரோ அதுதான் முதலில் வந்து நின்றது. நஜ்மாக்கா வாசலுக்கு ஓடினார். "இது எங்க அவுக சட்டை வாடை, டீச்சரு" என்றார். அப்துல் ஹாதி வேலை முடிந்து வரும்போது அந்த வாடையோடுதான் வருவார். இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று ஆழ ஆழ மூச்சு இழுத்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

நஜ்மாக்கா போன வருஷம் ஐப்பசியில் இறந்துபோனார். கொரோனா இல்லை. சர்க்கரை கிட்னியில் போய் நின்றது. கடைசி வரைக்கும் ஒழுங்காக மாத்திரை போட்டார். டீச்சர் போட வைத்தார். அடக்கம் முடிந்த மறுநாள் காலை டீச்சர் கேட்டுக்கு வந்து, பழக்கத்தில் "நஜ்முன்னிசா" என்று கூப்பிட்டுவிட்டார். பிறகு என்னைக் கூப்பிடாமலே உள்ளே போய்விட்டார்.

இந்த வருஷ ரமலானுக்கு நுஸைபா துபாயிலிருந்து வந்து தாய் வீட்டில் தங்கினாள். சின்ன வயசிலேயே படிப்பு, கல்யாணம் என்று வெளியூர் போனவள். பரணிலிருந்து ஜக்கம்மாள் வாளியைக் கண்டெடுத்து, அம்மா மாதிரியே கஞ்சி காய்ச்சி, "மேரி டீச்சருக்குக் குடுத்துட்டு வருவோம், வாங்க அத்தை" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பாதித் தெருவில்தான் எனக்கு உறைத்தது. மூடியை மீறிக் கொத்துக்கறி மணத்தது. கிழமை வெள்ளி. அதிலும் அவர்களுடைய தவக்காலத்து வெள்ளி. நான் வாயைத் திறப்பதற்குள் நுஸைபா வாளியை டீச்சர் கையில் கொடுத்துவிட்டாள்.

"டீச்சர், இன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வகுப்பில் பேசுகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. நான் அடங்கிவிட்டேன். கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கரண்டியாக நிதானமாகக் குடித்தார். மறுபடியும் ஊற்றிக் குடித்தார். "அம்மா மாதிரியே வச்சிருக்க தாயி" என்றார். நுஸைபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோன்பு திறக்க நேரமாகிவிட்டது என்று போனாள்.

அவள் போனதும் கேட்டேன். "வெள்ளிக்கிழமைன்னு தெரியுமா டீச்சர்?"

"தெரியும். மூடியத் தொறக்கும் முன்னாடியே மணந்துச்சு."

"பிறகு?"

டீச்சர் எழுந்து வாளியைக் கழுவினார். கழுவிக்கொண்டே சொன்னார்.

"என்னைப் பொழைக்க வச்ச கஞ்சிடி அது. அன்னைக்கு ருசி தெரியாமலே குடிச்சுட்டேன்."

துடைத்து முடித்து, வாளியில் ஒரு பிடி அரிசியைப் போட்டு மூடி, நுஸைபாவிடம் கொடுக்கச் சொல்லி என் கையில் தந்தார்.